காட்டுக் கோட்டையில் பொம்பிளை பார்த்தது

பலெர்மோவில் ஒரு பெண்ணைத் தமிழ்ச் சனத்தின் கண்ணில் படாமல் மாப்பிள்ளைக்குக் காட்டுவதென்றால் ஊரை விட்டு வெளியே போகத்தான் வேண்டும். சாந்தா ரொசாலியா மலைக்குப் போனால், ஞாயிறு காலையில் சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற வித்தியாசமில்லாமல் அரைவாசி யாழ்ப்பாணம் அங்கே நேர்த்திக்கு ஏறிக்கொண்டிருக்கும். பொலித்தேயாமா தியேட்டருக்கு முன்னால் நின்றால் மிச்ச அரைவாசி. கடற்கரைப் பக்கம் கால்சாவுக்குப் போனால் சைக்கிளில் போகிற ஒருவன் பிரேக் பிடித்து, "என்ன அருளையாண்ணை, விருந்தாளோ?" என்று கேட்பான். பின்னேரத்துக்குள் கதை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். சரிவந்தால் பரவாயில்லை. சரிவராவிட்டால் பெண்ணின் பெயர்தான் நாறும்.

அதனால்தான் இந்தச் சம்பந்தத்தைப் பேசிய அருளையா கோட்டையைத் தெரிந்தெடுத்தார்.

"மொன்றியாலே தாண்டி, காட்டுக்குள்ளை, மலை உச்சியிலை. அந்தக் காலத்து ராசாக்கள் கட்டினது. முதலாளியோடை காளான் பிடுங்கப் போகேக்கை பாத்தனான். எங்கடை சனம் கல்லுப் பாக்கப் போகாது. போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. கோட்டை ஆரிட்டையும் போய்க் கதைக்காது."

அருளையாவுக்குக் கந்தோர்கள் கழுவுகிற வேலை. ஒரு பழைய வான் வைத்திருந்தார். அந்த நவம்பர் ஞாயிறு காலை வானின் பின்பக்கத்தில், வாளிகளுக்கும் தும்புத்தடிகளுக்கும் நடுவில், செல்வமலர் சேலையோடு குந்தியிருந்தாள். பக்கத்தில் அருளையாவின் மனைவி கிளறா. கிளறாவின் மடியில் நாலு வயது மகள் ஸ்ரெல்லா. புட்டுச் சட்டியும் கோழிக்கறி வாளியும் கால்களுக்கிடையில். கறி வாசத்தை மீறிக்கொண்டு நிலம் கழுவுகிற குளோரின் மணம் அடித்தது. செல்வமலருக்கு அது மணமாகவே தெரிவதில்லை. அவளுடைய கையும் அதே மணம்தான். ஒரு வருடமாக ஒரு நாளைக்கு மூன்று வீடு கழுவி விரல் நுனியெல்லாம் வெடித்துப் போயிருந்தது. காலையில் கிளறா அவளைப் பிடித்து வைத்துக் கைக்குக் கிறீம் பூசினாள். பூசிக்கொண்டே பாடமும் சொன்னாள்.

"புருசன் ஷெல்லடியிலை செத்தது அவருக்குத் தெரியும். பிள்ளைகுட்டி இல்லை எண்டு சொல்லியிருக்கு. நீ வாயைத் திறக்காதை."

"அக்கா, பேந்து தெரிஞ்சால்?"

"பேந்து தெரியட்டும். கலியாணம் எழுதினால் உனக்குப் பெர்மெஸ்ஸோ வரும், இஞ்சை இருக்கிறதுக்குப் பேப்பர். பெர்மெஸ்ஸோ வந்தால் பிள்ளையைக் கூப்பிடலாம். இப்ப சொன்னியெண்டால் பெர்மெஸ்ஸோவும் இல்லை, பிள்ளையும் இல்லை. எது வேணும்?"

செல்வமலருக்கு வேண்டியது பிள்ளைதான். மகள் கேசிகா வன்னியில், மல்லாவியில், செல்வமலரின் அக்காவோடு இருந்தாள். வன்னி முழுக்கச் சண்டை. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் பிள்ளையை ஏற்றமாட்டேன் என்றுவிட்டான். இவள் மட்டும் வந்து சேர்ந்தபோது இத்தாலிக்காரன் பேப்பர் கொடுக்கிற காலம் முடிந்திருந்தது. பேப்பர் இல்லாதவளுக்கு ஊருக்குப் போகவும் ஏலாது, ஊரைக் கூப்பிடவும் ஏலாது. அக்காவின் கடிதம் கடைசியாக வந்தது வைகாசியில். அதற்குப் பிறகு அவளால் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. வேலை செய்கிற வீட்டுச் சின்னோராமார் மெச்சினார்கள், இவள் ஓயாமல் வேலை செய்கிறாள் என்று. ஓய்ந்தால் விசர் பிடித்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியாது.

வான் வளைவில் திரும்ப, முன் இருக்கையில் இருந்தவரின் பிடரி மட்டும் தெரிந்தது. புதிதாகத் தலைமயிர் வெட்டிய பிடரி. மாப்பிள்ளை ஜெயரட்ணம், நாற்பத்தொரு வயது, வடக்கே மொடெனாப் பக்கம் தரைக்குப் பதிக்கிற ஓடு செய்கிற பக்ரறியில் சூளை வேலை. மூன்று தங்கைகளைக் கரையேற்றிவிட்டு மூச்சு விடுகிறபோது அவருக்குத் தலை நரைத்திருந்தது. கழுத்தில் ரை கட்டியிருந்தார். இரவு ரயிலுக்குத் திரும்ப வேண்டும்.

வானைக் காட்டுப் பாதையின் சங்கிலித் தடைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். பைன் மரங்கள். ஈரச் சருகு. செல்வமலர் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, காலில் வேலைக்குப் போகிற கன்வஸ் சப்பாத்தோடு எல்லாருக்கும் முன்னால் ஏறினாள்.

"எடியே, மெதுவா! பொம்பிளை பாக்க வந்த இடத்திலை பொம்பிளை ஓடுறாள்," என்றாள் கிளறா, மூச்சு வாங்கி.

ஜெயரட்ணத்தின் பளபளத்த சப்பாத்து சருகில் வழுக்கியது. ஒரு தடவை கையூன்றி விழுந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தார். செல்வமலர் பார்த்தாள். அந்த ஆளைப் பற்றி அவளுக்கு முதலில் பிடித்த விசயம் அதுதான்.

மரம் விலகிய இடத்தில் கோட்டை நின்றது.

அவளுடைய கால் தானாக நின்றுவிட்டது. சாம்பல் கல்லு, கறுத்த மதில், மூலையில் ஒரு கோபுரம். மற்றவர்களுக்கு அது பழைய கட்டடம். அவளுக்குக் கோட்டை என்றால் ஒன்றுதான். தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஆமி அடைபட்டுக் கிடந்து, உள்ளே இருந்து ஊருக்கு அடித்தது. அவளுடைய மனுசன் பெரிய கடைப் பக்கம் அரிசி மூட்டை ஏற்றப் போனான். மூட்டை தூக்குகிறவனுக்கு லீவு ஏது. லொறிக்காரன்தான் வந்து சொன்னான். கேசிகா அப்போது தவழத் தொடங்கவில்லை.

"என்ன பிள்ளை நிண்டிட்டாய்? வடிவாயிருக்கு என்ன?" என்றார் அருளையா.

"ஓமண்ணை. வடிவு."

வாசல் இரும்புக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு குருவி இல்லை. பெரிய முற்றம், இடிந்த சுவர்கள், கூரையில்லாத ஒரு கோவில், மதில்மேல் ஏறுகிற படி. காற்று மட்டும் பூனை மாதிரிக் கத்திக்கொண்டு சுற்றியது. கிளறா சுவர் மறைவில் பாயை விரித்துப் புட்டுப் பரிமாறினாள். சாப்பிட்டு முடிந்ததும் அருளையா தொண்டையைச் செருமி, "நானும் இவவும் அந்தக் கோயிலை ஒருக்காப் பாத்திட்டு வாறம். நீங்கள் கதைச்சுக்கொண்டிருங்கோ," என்று மனைவியை இழுத்துக்கொண்டு போனார். ஸ்ரெல்லா பின்னால் ஓடினாள்.

இரண்டு பேரும் பாயின் இரண்டு ஓரத்தில் இருந்தார்கள். செல்வமலர் கையைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"எத்தினை வீடு செய்யிறியள்?"

"மூண்டு."

"எல்லாம் தரையோடு போட்ட வீடுகளோ?"

"ஓம்."

"அப்ப நான் செய்யிறதைத்தான் நீங்கள் துடைக்கிறியள்," என்றார் ஜெயரட்ணம். சொல்லிவிட்டுத் தானே பயந்தவர் மாதிரி அவளைப் பார்த்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா ஊத்தை பிடிக்கிற ஓடாச் செய்யிறியள்."

"வெள்ளை நிறந்தான் விக்குது. துடைக்கிறவையைப் பற்றி ஆர் யோசிக்கினம்."

அவர் பையிலிருந்து ஒரு சின்னக் கமரா எடுத்தார். கோட்டை, மலை, வாளியோடு நின்ற அருளையா என்று முதலே படம் எடுத்திருந்தார். "பிலிமிலை ஒண்டுதான் மிச்சம். உங்களைத் தனிய எடுக்க வைச்சிருக்கிறன். அம்மாவுக்கு அனுப்ப." பிறகு தயங்கிக் கேட்டார். "என்னட்டைக் கேக்க உங்களுக்கு ஒண்டும் இல்லையோ?"

கேட்க இல்லை, சொல்ல இருந்தது.  அவள் எழும்பினாள், பாய் நுனியை மடித்தாள், விரித்தாள், சோடாப் போத்தலின் மூடியை இறுக்கினாள்.

அப்போதுதான் ஜீப் சத்தம் கேட்டது. மலையின் மற்றப் பக்கத்துப் பாதையால் ஏறி வந்தது. அருளையா கோவில் இடிபாட்டிலிருந்து ஓடி வந்தார், முகத்தில் இரத்தம் இல்லை.

"பச்சை உடுப்பு! ஜீப்பிலை பச்சை உடுப்புப் போட்டவன் வாறான்!"

அவன் காட்டிலாகாக்காரன். காளான் பிடுங்குகிறவனையும் நெருப்பு மூட்டுகிறவனையும் பார்க்கிறவன். அது அருளையாவுக்குத் தெரியாத விசயமில்லை. அவருக்குப் பேப்பரும் இருந்தது. ஆனால் கோட்டை, ஜீப், பச்சை உடுப்பு மூன்றும் ஒன்றாக வந்தால் அந்தச் சனத்தின் கால் மூளையைக் கேட்பதில்லை. பின்னால் ஓடி வந்த கிளறா சட்டியைத் தூக்கினாள். ஜெயரட்ணம் பாயைச் சுருட்டினார். ஐந்து பேரும் படி இறங்கிப் பழைய தானியக் கிடங்கு ஒன்றுக்குள் போய், ஆட்டுப் புழுக்கை நாற்றத்துக்குள் சுவரோடு சுவராக ஒட்டினார்கள்.

மேலே சப்பாத்துச் சத்தம். பிறகு குரல். இத்தாலியனில், அலுத்துப்போன குரல்: "யாராவது இருக்கிறீர்களா? பூட்டப் போகிறேன்! யாராவது?"

ஒரு "ஓம்" போதும். கிடங்குக்குள் எல்லாருக்கும் அந்த அளவு இத்தாலியன் விளங்கும். ஆனால் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிற உடுப்புக்காரனுக்குப் பதில் சொல்லிப் பழகாத சனம். மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றது.

ஸ்ரெல்லா இருட்டைக் கண்டு உதட்டைப் பிதுக்கினாள். "மம்மா, ஹோ பவ்ரா," பயமாயிருக்கு என்று தொடங்கினாள். கிளறாவின் இரண்டு கையிலும் சட்டி. செல்வமலர் யோசிக்கவில்லை. குழந்தையை இழுத்துத் தன் இடுப்பில் அணைத்து, முகத்தை மார்புக்குக் கீழே புதைத்து, பெருவிரலை அதன் வாய்க்குள் சூப்பக் கொடுத்து, மற்றக் கையால் குண்டியில் மெல்ல மெல்லத் தட்டி, நின்ற இடத்திலேயே ஆடினாள். வன்னிக்குத் தப்பி வந்த இரவு, கிளாலிக் கடலில் வள்ளத்தில் அப்படித்தான் கேசிகாவை அடக்கி வைத்தாள். நேவிப் படகின் வெளிச்சம் தண்ணீரில் நடந்துகொண்டிருக்க, வள்ளத்தில் இருந்த சனம் எல்லாம், "பிள்ளையின்ரை வாயைப் பொத்து" என்று சீறியது. பொத்தினால் பிள்ளை திமிறும். சூப்பக் கொடுத்தால் அடங்கும். ஸ்ரெல்லாவும் அடங்கினாள்.

மேலே இரும்புக் கதவு மோதியது. சங்கிலி ஓடியது. ஜீப் போனது.

கிடங்கின் வாசல் வெளிச்சத்தில் ஜெயரட்ணம் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆட்டத்தை அவள் இன்னும் நிறுத்தவில்லை.

"உங்களுக்குப் பிள்ளை இருக்கோ?"

கிளறா முந்திக்கொண்டாள். "ஐயோ தம்பி, என்ரை பிள்ளையை இவள்தானே வளத்தது! பழக்கம். பிள்ளை எண்டால் உயிர் இவளுக்கு."

ஜெயரட்ணம் கிளறாவைப் பார்க்கவில்லை. செல்வமலரைத்தான் பார்த்தார். அவள் குனிந்து ஸ்ரெல்லாவை இறக்கிவிட்டாள். "இல்லை" என்று அவள் சொல்லவில்லை. "ஓம்" என்றும் சொல்லவில்லை. பொய் அப்படியே நின்றது, ஈரச் சுவரில் பாசி மாதிரி.

வெளியே வந்து கதவை ஆட்டிப் பார்த்தார்கள். பெரிய பூட்டு. அருளையா தலையில் கை வைத்தார்.

"ஞாயிறு பின்னேரத்தோடை பூட்டுறது போல கிடக்கு. இனி எப்ப திறப்பானோ தெரியாது."

"நல்ல இடம் பாத்தியள்," என்றாள் கிளறா. "ஒருத்தற்றை கண்ணும் படாதாம். எலும்பானாலும் படாது."

"உன்ரை வாயை மூடு. மதிலாலை இறங்கலாம்."

"நீங்கள் இறங்குங்கோ. நான் சேலை உடுத்த இவளையும் கட்டி இறக்கி, கோழிக்கறி வாளியையும் இறக்கிறன்."

சத்தம் வலுத்தது. ஜெயரட்ணம் ஒரு கல்லில் இருந்தார். ரையைக் கழற்றிப் பொக்கற்றில் வைத்திருந்தார். முகில் இறங்கியது, மரங்களின் நுனியை விழுங்கி முற்றத்துக்குள் வந்தது. ஸ்ரெல்லாவின் உதடு குளிரில் நீலம் பாரித்தது. செல்வமலர் தன் ஜக்கெற்றைக் கழற்றிக் குழந்தைக்குப் போட்டுவிட்டு மதில்படியில் ஏறினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள். பூட்டிய கோட்டைக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பு உள்ளங்காலில் நெருப்பாகப் பிடித்தது.

மேலே நின்று பார்க்க, கீழே பாதை வளைவில் ஒரு சின்னக் கல்வீடு. புகைபோக்கியில் புகை. வீட்டு வாசலில் ஜீப். கத்தினால் கேட்கிற தூரம்.

"அண்ணை! அவன் கீழை நிக்கிறான். கூப்பிடுவம்."

"விசரோ உனக்கு?" அருளையா படியின் அடிக்கு ஓடி வந்தார். "பேப்பரைக் கேட்டால் எங்களுக்கு ஒண்டும் இல்லை. உன்னைத்தான் கொண்டு போவான். பொறு, யோசிப்பம்."

"பிள்ளை விறைக்குது. என்னத்தை யோசிக்கிறது?"

ஜெயரட்ணம் படியேறி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "அவர் சொல்லுறது சரி. நான் கூப்பிடுறன். நீங்கள் கீழை ஒளிச்சு நில்லுங்கோ."

"திரும்பவும் ஒளிக்கவோ?"

அவள் மதில் விளிம்புக்குப் போய்க் கையைக் குவித்து, "சின்னோரே! சின்னோரே! சியாமோ குவி!" ஐயா, இஞ்சை இருக்கிறம் என்று கத்தினாள். அருளையா, "மாதாவே!" என்றார். அவள் திரும்பக் கத்தினாள். சின்னோராமாரின் வீட்டில் ஒருநாளும் எழாத குரல். கல்வீட்டின் கதவு திறந்து பச்சை உருவம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. சிவப்புச் சேலை கட்டிய ஒருத்தி மதில்மேல் நின்று கை வீசுவதைக் கண்டு நெஞ்சில் சிலுவை போட்டது. பிறகு ஜீப்பில் ஏறியது.

ஜீப் வளைவு வளைவாக மேலே வந்துகொண்டிருந்தது. பேப்பர் கேட்டு இந்த ஆள் தன்னை ஏற்றிக்கொண்டு போனால், பக்கத்தில் நிற்கிற மனுசனிடம் தான் விட்டுப்போவது கிளறாவின் பொய் ஒன்றுதான் என்று செல்வமலருக்குப் பட்டது. அதை மட்டும் தாங்க ஏலாது போலிருந்தது.

"இருக்கு," என்றாள். "பொம்பிளைப் பிள்ளை. ஏழு வயசு. கேசிகா. மல்லாவியிலை என்ரை அக்காவோடை. அவளைக் கூப்பிடத்தான் இந்தக் கலியாணத்துக்கு ஓமெண்டனான். நீங்கள் நல்லவரோ கெட்டவரோ எண்டு கூட நான் விசாரிக்கேல்லை."

ஜெயரட்ணம் ஜீப்பை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் என்ன, பேப்பரோ?"

"ஓம்," என்றாள் அவள். "இண்டைக்கு வரைக்கும் ஓம். நீங்கள் அந்தத் தரையோட்டுக் கதை சொல்லுமட்டும்."

அவர் சிரிக்கவில்லை. முகம் கல்லாக இருந்தது. படியிறங்கிப் போனார்.

காட்டிலாகாக்காரன் வயதான ஆள். மீசையில் சூப் ஒட்டியிருந்தது. பூட்டைத் திறந்து ஒருவர் ஒருவராகப் பார்த்தான். சேலை, புட்டுச் சட்டி, ஜெயரட்ணத்தின் தும்பு ஒட்டிய கோட். "கூப்பிட்டேனே, ஏன் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை?" என்று கேட்டான். அருளையா, "கேட்கவில்லை" என்றார். கிழவன் கையை விரித்து, தன் சாப்பாடு ஆறிப்போன கதையைச் சிசிலியனில் நீளமாகச் சொல்லி, ஸ்ரெல்லாவின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வழிவிட்டான். பேப்பர் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. செல்வமலர் சேலையைச் செருகிக்கொண்டு அவனைத் தாண்டி வெளியே நடந்தாள்.

வான் மலை இறங்கியது. கிளறா இருட்டுக்குள் அவளுடைய தொடையில் ஒரு நுள்ளு நுள்ளினாள். "சொல்லிப்போட்டியோ? அவற்றை மூஞ்சையைப் பாத்தாலே தெரியுது. விசரி. கைக்கு வந்ததைக் காலாலை தட்டினவள்." செல்வமலர் தும்புத்தடிகளைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். காலையில் போல அல்ல, இது வேறு மாதிரியான அமைதியின்மை. போச்சு என்றால் போச்சு. அடுத்த வழி என்ன? கத்தோலிக்கச் சிஸ்டர்மாரிடம் கேட்கலாமா? இத்தாலிக்காரன் அடுத்த தடவை எப்போது பேப்பர் கொடுப்பான்?

போர்கோ வெக்கியோவில் அவள் மூன்று பெண்களோடு இருந்த வீட்டுக்கு முன்னால் வான் நின்றது. கீழே இறைச்சி சுடுகிறவன் கடை போட்டிருந்தான். புகை, மஞ்சள் பல்பு. அவள் இறங்க, முன்கதவும் திறந்தது. ஜெயரட்ணம் இறங்கினார்.

"தம்பி, ரயிலுக்கு நேரமாகுது," என்றார் அருளையா.

"பொறுங்கோ." அவளிடம் திரும்பினார். "பிள்ளையின்ரை படம் இருக்கோ?"

"ஒண்டுதான் இருக்கு."

"தாங்கோ. அம்மாவுக்குச் சொல்லேக்கை படத்தோடை சொல்லுவன். பொய் எனக்குப் பிடிக்கேல்லை. இன்னும் கோபமாத்தான் இருக்கிறன். அவ என்ன சொல்லுவாவோ தெரியாது. ஆனா பேந்து ஒரு நாளைக்குச் சொல்லுறது எண்ட விளையாட்டு என்னட்டை வேண்டாம்."

அவள் ஓடிப்போய்ப் படத்தை எடுத்து வந்தாள். கொடுக்கக் கை நீட்டினாள். கொடுக்க முடியவில்லை.

"இது போனால் எனக்கு அவளின்ரை முகம் இல்லை," என்றாள். "தபாலிலை துலைஞ்சால்?"

ஜெயரட்ணம் நீட்டிய கையை மடக்கினார். யோசித்தார். பிறகு பையைத் திறந்து கமராவை எடுத்தார்.

"ஒண்டு மிச்சம் இருக்குத்தானே. படத்தைப் படம் எடுப்பம். அந்தப் பல்புக்குக் கீழை வாங்கோ. கிட்டப் பிடிச்சால் இந்தக் கமராவிலை மங்கிப்போகும், தள்ளி நிண்டுதான் எடுக்க வேணும். நீங்களும் விழுவியள். நெஞ்சிலை பிடியுங்கோ."

"நெஞ்சிலை பிடிக்கமாட்டன்."

"ஏன்?"

"காணாமப் போன பிள்ளையளின்ரை தாய்மார்தான் அப்பிடிப் பிடிக்கிறவை, ரோட்டிலை, அரசாங்கக் கச்சேரிக்கு முன்னாலை. என்ரை பிள்ளை இருக்கிறாள்."

இறைச்சிக்காரன் கிடுக்கியோடு நின்று வேடிக்கை பார்த்தான். வானுக்குள் கிளறா வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

செல்வமலர் படத்தைத் தன் கன்னத்தோடு வைத்தாள், இடுப்பில் தூக்கிய பிள்ளை தோளில் முகம் வைக்கிற மாதிரி. வெடித்த விரல்கள் வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தன. அவள் அவற்றை ஒளிக்கவில்லை.

"கொஞ்சம் வலப்பக்கம்," என்றார் ஜெயரட்ணம். "புகை பிள்ளையின்ரை முகத்திலை விழுகுது."

அவள் வலப்பக்கம் தள்ளி நின்றாள். அசையாமல் நின்றாள்.